பழசெல்லாம் ஞாபகம் இருக்கு, காலைல சாப்டது மட்டும் மறந்து போச்சாமா?

வயசானவங்க இருக்கற வீடுகள்ல இந்தப் பேச்சை நான் நிறைய தடவை கேட்டுட்டேன். "கல்யாணத்துல யார் யார் எவ்ளோ மொய் வச்சாங்கன்னு அம்பது வருஷத்துக் கணக்கை ஒப்பிக்குது, நாத்தனார் அன்னிக்கு என்ன பேசுனாங்கங்கறது வார்த்தை மாறாம வருது, ஆனா பத்து நிமிஷம் முன்னாடி சாப்ட இட்லி மட்டும் ஞாபகம் இல்லையாம், எல்லாம் நடிப்பு." சொல்றவங்க ஒண்ணும் கெட்டவங்க இல்ல. நாள் முழுக்க ஒரே கேள்விக்கு பதில் சொல்லிச் சொல்லி நொந்து போனவங்க, பெரும்பாலும் மகளோ மருமகளோ. அவங்க கணக்கு என்னன்னா, நாள்பட்டது தானே முதல்ல மறக்கணும், இப்ப நடந்தது ஃப்ரெஷ்ஷா தானே இருக்கணும், தலைகீழா இருந்தா எப்படி நம்பறது?

நம்பணும். தலைகீழா இருக்கறது தான் இதோட இயல்பே.

நான் டாக்டர் இல்ல, முன்னாடியே சொல்லிடறேன். சைக்காலஜி தபால்ல படிச்சவன், அந்தப் புக்குல இருந்த மத்த முக்காவாசி விஷயமும் போயிடுச்சு, இந்த லாங் டேர்ம் மெமரி, அதாவது நாள்பட நிக்கற ஞாபகம், அந்த சமாச்சாரம் மட்டும் விடாம ஒட்டிக்கிச்சு. அதுக்கப்புறம் கிடைச்சதை எல்லாம் படிச்சிட்டே இருக்கேன்.

இந்தக் குழப்பத்துக்கு நம்ம சினிமாவும் ஒரு காரணம்னு எனக்குத் தோணும். ஹீரோவுக்கு மண்டைல அடி படும், கண்ணு முழிச்சதும் "நான் யாரு, நீங்கல்லாம் யாரு"ன்னு கேப்பாரு, பொண்டாட்டி தெரியாது, அம்மா தெரியாது, ஊரு தெரியாது, ஆனா அதுக்கப்புறம் நடக்கறதெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கும், புதுசா ஒரு ஹீரோயினை லவ் பண்ணுவாரு, கிளைமாக்ஸ்ல இன்னொரு அடி, எல்லாம் திரும்பி வந்துரும். நிஜத்துல மூளைல அடிபட்டு ஞாபகம் போனவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு இதுக்கு நேர் எதிரா தான் இருக்கும். தன் பேரு தெரியும், அம்மாவைத் தெரியும், படிச்ச ஸ்கூல் தெரியும். அடிபட்டதுக்கு அப்புறம் நடக்கறது தான் ஒண்ணும் நிக்காது. அப்புறம் ஷார்ட் டேர்ம் மெமரி லாஸ்னு ஒண்ணு நம்மாளுங்க வாயில பூந்துக்கிச்சு பாருங்க, பதினஞ்சு நிமிஷத்துல எல்லாம் மறந்துரும்னு. சைக்காலஜில ஷார்ட் டேர்ம்னா வெறும் சில செகண்ட் சமாச்சாரம், ஒருத்தர் போன் நம்பர் சொல்ல நாம டயல் பண்ற வரைக்கும் மனசுல ஓட்டிட்டு இருக்கோமே, அவ்ளோ தான். பத்து நிமிஷம் முன்னாடி சாப்ட இட்லி அங்க இருக்கறதே இல்ல, அது எப்பவோ லாங் டேர்முக்குப் போயிருக்கணும், போகலங்கறது தான் பிரச்சினை.

இதெல்லாம் எப்படித் தெரிய வந்துச்சுன்னா, ஹென்றி மொலாய்சன்னு ஒரு அமெரிக்கர். கனெக்டிகட் மாநிலத்துக்காரர், 1926ல பிறந்தவரு. 10 வயசு வாக்குல லேசா வலிப்பு ஆரம்பிச்சது, 15வது பிறந்த நாள் அன்னிக்கு கார்ல போய்ட்டு இருக்கும்போது பெரிய வலிப்பு வந்தது, அதுக்கப்புறம் விடவே இல்ல. டைப்ரைட்டர் ஃபேக்டரில வேலை பாத்தாரு, மாத்திரை எல்லாம் உச்ச டோஸ்ல குடுத்தும் ஒண்ணும் கேக்கல, கடைசில வேலைக்கே போக முடியாத நிலைமை. 1953ல ஹார்ட்ஃபர்ட்ல வில்லியம் ஸ்கோவில்னு ஒரு நியூரோ சர்ஜன், வலிப்பு அங்க இருந்து தான் கிளம்புதோங்கற எண்ணத்துல, மூளையோட ரெண்டு பக்கமும் உள்பக்கமா இருக்கற டெம்பரல் பகுதியை எடுத்துட்டாரு. கண்ணுக்கு மேல நெத்தில ரெண்டு ஓட்டை போட்டு, உறிஞ்சி எடுக்கறது. அதுல ஹிப்போகேம்பஸ்ங்கற பகுதி, அதைச் சுத்தி இருக்கற என்டோரைனல் கார்டெக்ஸ், அமிக்டலான்னு நிறைய போச்சு. அந்தக் காலத்துல அது எதுக்கு இருக்குன்னே யாருக்கும் சரியாத் தெரியாது, ஞாபகம்ங்கறது மூளை முழுக்கப் பரவிக் கிடக்கு, குறிப்பிட்ட ஒரு இடம்னு கிடையாதுன்னு தான் பெரிய பெரிய ஆளுங்களே நினைச்சிட்டு இருந்தாங்க. 1950ல தான் கார்ல் லாஷ்லிங்கற மூளை ஆராய்ச்சியாளர், வாழ்நாள் முழுக்க எலி மூளைல ஞாபகத்தோட தடயத்தைத் தேடிப் பாத்துட்டேன், ஒரு இடத்துல இருக்கறதாவே தெரியலங்கற மாதிரி எழுதியிருந்தாரு.

ஹென்றிக்கு வலிப்பு குறைஞ்சது. கூடவே இன்னொண்ணும் போச்சு. ஆஸ்பத்திரில பாத்ரூம் எங்க இருக்குன்னு தெரியல, தினமும் பாக்கற நர்சுங்க யாருன்னு தெரியல.

கனடால மான்ட்ரியல்ல ப்ரெண்டா மில்னர்னு ஒரு ஆராய்ச்சியாளர். அவங்க ஏற்கனவே இதே மாதிரி ரெண்டு கேஸ் பாத்துருந்தாங்க, அதைப் பத்தின பேச்சு ஸ்கோவில் காதுக்குப் போயி, என்கிட்டயும் ஒருத்தர் இருக்காரு வந்து பாருங்கன்னு கூப்பிட, அவங்க மான்ட்ரியல்ல இருந்து ராத்திரி ட்ரெயின் ஏறி வந்தாங்க. 1955 ஏப்ரல்ல டெஸ்ட் பண்ணும்போது ஹென்றிகிட்ட தேதி கேட்டா 1953 மார்ச்ங்கறாரு, வயசு 27ங்கறாரு. ஆபரேஷனோட காலண்டர் நின்னு போச்சு. ஆனா ஐக்யூ பாத்தா 112, ஆபரேஷனுக்கு முன்னாடி 104 தான் இருந்துச்சாம், வலிப்பு கம்மியானதால இருக்கலாம். பேச்சு சுத்தம், மரியாதை, ஜோக் அடிப்பாரு, குறுக்கெழுத்துப் புதிர்னா உயிரு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது தான். மில்னர் அவருகிட்ட 584ங்கற நம்பரை ஞாபகம் வச்சுக்கச் சொல்லிட்டு தனியா விட்டுட்டுப் போறாங்க. கால் மணி நேரம் கழிச்சு வந்து கேட்டா சரியா சொல்றாரு! எப்படின்னு கேட்டா, 8ஐ மட்டும் மனசுல வச்சுக்கணும், 5, 8, 4 மூணையும் கூட்டினா 17, அதுல 8 போனா 9, 9ஐ ரெண்டாப் பிரிச்சா 5ம் 4ம், அவ்ளோ தான் ஈசின்னு விளக்கம் வேற. அதாவது அந்தப் பதினஞ்சு நிமிஷமும் விடாம மனசுக்குள்ள அதையே ஓட்டிட்டு இருந்திருக்காரு. அடுத்த விஷயத்துக்குப் பேச்சு மாறுன கொஞ்ச நேரத்துல நம்பரும் போச்சு, நம்பர்னு ஒண்ணு குடுத்தாங்கங்கறதும் போச்சு. ஷார்ட் டேர்ம் வேற, லாங் டேர்ம் வேற, ரெண்டும் ஒரே பொருளோட ரெண்டு சைஸ் இல்லங்கறதுக்கு இதை விடத் தெளிவா ஒரு ஆதாரம் கிடையாது. ஸ்கோவிலும் மில்னரும் சேர்ந்து 1957ல எழுதுன பேப்பர் தான் மெமரி ஆராய்ச்சியோட திசையையே திருப்புச்சு.

இன்னொரு டெஸ்ட். ஒரு நட்சத்திரப் படம், ரெண்டு கோடு போட்டது, அந்த ரெண்டு கோட்டுக்கு நடுவுல பென்சிலை ஓட்டணும், ஆனா கையை நேரா பாக்கக் கூடாது, கண்ணாடில தான் பாக்கணும். ட்ரை பண்ணிப் பாருங்க, மேல போகணும்னா கை கீழ போகும், முதல்ல எல்லாருமே சொதப்புவாங்க. ஹென்றி மூணு நாள் பண்ணாரு. ஒவ்வொரு நாளும் முன்ன இப்படி ஒண்ணு பண்ணதே இல்லைன்னு தான் சொன்னாரு, ஆனா மூணாவது நாள் கோடு கிட்டத்தட்ட பிசகாம வருது. கஷ்டமா இருக்கும்னு நெனச்சேன், நல்லா தான் வந்துருக்குன்னு அவரே ஆச்சரியப்பட்டாராம். கை கத்துக்கிச்சு, கத்துக்கிட்டதே அவருக்குத் தெரியாது. இதைத் தான் ப்ரொசீஜரல் மெமரிங்கறாங்க, சைக்கிள் ஓட்டறது, பூத் தொடுக்கறது, டைப் அடிக்கறது எல்லாம் இந்த வகை. இதுக்கு ஹிப்போகேம்பஸ் தேவையில்ல, பேசல் கேங்லியா, சிறுமூளைன்னு வேற டிபார்ட்மென்ட் பாத்துக்குது. ஞாபக சக்தி நிறைய போன பாட்டி வாசல்ல உக்காந்து பூவைக் கையில குடுத்தா சரசரன்னு தொடுக்கறதைப் பாத்திருப்பீங்க, இன்னிக்கு என்ன கிழமைன்னு கேட்டா தெரியாது. அதுல ஒரு ஏமாத்தும் இல்ல.

இதுக்கும் முன்னாடி 1911லயே ஸ்விட்சர்லாந்துல க்ளாப்பரேட்னு ஒரு டாக்டர் கொஞ்சம் குரூரமான ஒரு வேலை பண்ணாரு. அவரோட பேஷண்ட் ஒரு அம்மா, தினமும் அவரைப் பாத்தாலும் தினமும் புதுசா அறிமுகம் பண்ணிக்கணும், அந்த அளவுக்கு மறதி. ஒரு நாள் விரலுக்கு நடுவுல குண்டூசியை மறைச்சு வச்சுட்டுக் கை குடுத்தாரு. குத்துச்சு. கொஞ்ச நேரத்துல அதையும் மறந்துட்டாங்க. ஆனா மறுபடி கை நீட்டுனா அந்த அம்மா படக்குன்னு கையை இழுத்துக்கறாங்க. ஏம்மான்னு கேட்டா, ஏன் ஒருத்தர் கையை இழுத்துக்கக் கூடாதான்னு சமாளிக்கறாங்க, இன்னும் விட்டுக் கேட்டா, கையில ஊசி கீசி இருந்தாலும் இருக்கலாம்லங்கற மாதிரி பதில். தனக்கு ஊசி குத்துச்சுங்கற நினைவு மட்டும் வரவே இல்ல. இன்னிக்கு இப்படி ஒரு பரிசோதனைக்கு எந்த எதிக்ஸ் கமிட்டியும் அனுமதி குடுக்காது, அது வேற விஷயம்.

சரி, இதுவரைக்கும் ரெண்டு பெரிய பிரிவு வந்துருச்சு, வாயால சொல்ல முடியற ஞாபகம், கையும் உடம்பும் வச்சிருக்கற ஞாபகம். சொல்ல முடியறதுக்குள்ளயே இன்னொரு பிளவு இருக்கு. எண்டல் டல்விங்னு டொரான்டோல இருந்த சைக்காலஜி ஆராய்ச்சியாளர், 1972ல சொன்னாரு: உங்களுக்கு உலகத்தைப் பத்தி தெரிஞ்ச விஷயம் ஒண்ணு, உங்களுக்கு நடந்தது இன்னொண்ணு. மதுரைல மீனாட்சி கோயில் இருக்குங்கறது செமான்டிக் மெமரி, எப்ப எங்க தெரிஞ்சுக்கிட்டீங்கன்னு கேட்டா தெரியாது. கோயில்ல செருப்பு தொலைஞ்சு போயி வெயில்ல தார் ரோட்டுல குதிச்சுக் குதிச்சு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தது எபிசோடிக் மெமரி, அதுல நீங்க இருக்கீங்க, அந்த சூடு இருக்கு, பக்கத்துல சிரிச்சவன் மூஞ்சி இருக்கு.

சும்மா வகைப்படுத்தறதுக்காக சொல்றாங்கன்னு நெனச்சா, 1981ல கென்ட் காக்ரேன்னு ஒரு கனடாக்காரர், வயசு 30, மோட்டார் சைக்கிள் விபத்துல மாட்டுனாரு. பொழைச்சுட்டாரு. செஸ் ஆடத் தெரியும், ஊரு வழி தெரியும், குடும்பத்துக்கு ஏரிக்கரைல ஒரு வீடு இருக்குன்னு தெரியும், தான் எந்த ஸ்கூல்ல படிச்சோம்னு தெரியும். ஆனா அந்த வீட்டுக்குப் போன ஒரு நாள், ஒரே ஒரு நாள், இப்படி நடந்துச்சுன்னு சொல்லச் சொன்னா வராது. வாழ்க்கைல நடந்த ஒரு சம்பவத்துக்குள்ள கூட அவரால திரும்பிப் போக முடியல. தன்னைப் பத்தியே யாரோ எழுதி வச்ச பயோடேட்டாவைப் படிச்ச மாதிரி தான் தெரிஞ்சு வச்சிருந்தாரு. டல்விங் அவரை ரொம்ப வருஷம் ஆராய்ச்சி பண்ணாரு, அதுல யாரும் எதிர்பாக்காத ஒண்ணு வந்துச்சு. நாளைக்கு என்ன பண்ணப் போறீங்கன்னு கேட்டா அதுக்கும் பதில் இல்ல, வெறுமையா இருக்குன்னாரு. பழசை நினைக்க முடியாதவரால வரப்போறதையும் கற்பனை பண்ண முடியல. அப்புறம் 2007ல லண்டன்ல ஹிப்போகேம்பஸ் பாதிக்கப்பட்டவங்ககிட்ட, ஒரு கடற்கரைல படுத்திருக்கற மாதிரி நெனச்சு சொல்லுங்கன்னு கேட்டாங்க, அவங்க சொன்னது துண்டு துண்டா வந்துச்சு, முழு காட்சியா சேரவே இல்ல. அந்த ஆராய்ச்சியோட முதல் பேரு யாருன்னா டெமிஸ் ஹசாபிஸ், ஆமா டீப்மைண்ட்ங்கற ஏஐ கம்பெனியோட அதே ஹசாபிஸ் தான், பின்னாடி 2024ல கெமிஸ்ட்ரி நோபல் வாங்குனவரு.

இப்ப ஹென்றிக்குத் திரும்ப வருவோம். ஆபரேஷனுக்கு முன்னாடி நடந்தது எல்லாம் பத்திரமா இருக்குன்னு தான் முதல்ல எழுதுனாங்க, அதுக்கு முந்தின சில வருஷம் மட்டும் கொஞ்சம் அழிஞ்சிருக்குன்னு. பின்னாடி சூசன் கார்கின்னு மில்னரோட மாணவி, எம்ஐடில 2008 வரைக்கும் அவரை விடாமப் பாத்துக்கிட்டவங்க, இன்னும் நுணுக்கமா கேட்டுப் பாத்தப்போ கதை மாறிடுச்சு. சின்ன வயசைப் பத்தி நிறைய சொல்லுவாரு, ஆனா எல்லாம் பொதுவா, லீவுக்கு இங்க போவோம், அப்பா இப்படி இருப்பாருன்னு. ஒரு குறிப்பிட்ட நாள், அதுல நடந்தது, பாத்தது, பேசுனதுன்னு விவரமா வந்தது ரொம்ப ரொம்ப கம்மி. அப்படி வந்ததுல ஒண்ணு 13 வயசுல குட்டி ப்ளேன்ல ஏறிப் பறந்த அனுபவம், அதை மட்டும் அப்படி சொல்லுவாராம். இதை வச்சு ஆராய்ச்சியாளர்களுக்குள்ள இன்னும் சண்டை. ஒரு குரூப் சொல்றது, ஹிப்போகேம்பஸ் கொஞ்ச காலத்துக்கு ஞாபகத்தைப் பிடிச்சு வச்சு மெதுவா கார்டெக்ஸுக்கு, அதாவது மூளையோட வெளி அடுக்குக்கு, கைமாத்தி விட்டுரும், அப்புறம் அதுக்கு வேலை இல்ல. இன்னொரு குரூப், நேடலும் மாஸ்கோவிச்சும் 1997ல ஆரம்பிச்சது, சாராம்சம் தான் கைமாறும், அந்த சம்பவத்தோட உயிர்ப்பு வேணும்னா எத்தனை வருஷம் ஆனாலும் ஹிப்போகேம்பஸ் வேணும்ங்குது. எனக்கு ரெண்டாவது கட்சி தான் சரின்னு படுது, ஏன்னு கீழ சொல்றேன்.

இதுல ஒரு முடிச்சு இருக்கு. அதே 1997ல லண்டன்ல வர்கா-கதேம்ங்கறவங்க மூணு பேரைப் பத்தி எழுதுனாங்க, பிறந்தப்பவோ சின்ன வயசுலயோ ஹிப்போகேம்பஸ் கெட்டுப் போனவங்க. நேத்து என்ன நடந்துச்சுன்னா தெரியாது, பொருளை எங்க வச்சோம்னு தெரியாது, தெரிஞ்ச இடத்துலயே வழி தப்பிடும். ஆனா சாதாரண ஸ்கூல்ல படிச்சு, எழுதப் படிக்கக் கத்துக்கிட்டு, பொது அறிவெல்லாம் கிட்டத்தட்ட மத்தப் பசங்க அளவுக்கு இருக்கு! பாடம் நடந்த பீரியட் ஞாபகம் இல்ல, பாடம் ஞாபகம் இருக்கு. அப்படின்னா தகவல் சேர்றதுக்கு, மெதுவாவாவது, வேற ஒரு வழி இருக்கு. ஹென்றி கூட, 1953க்கு அப்புறம் வந்த விஷயத்தை, அவருக்கு ஏற்கனவே தெரிஞ்ச பழைய விஷயத்தோட இணைச்சுக் குறுக்கெழுத்துல குடுத்தப்போ கொஞ்சம் கொஞ்சமா கத்துக்கிட்டாரு, போலியோவை சின்ன வயசுலயே தெரியும்ங்கறதால சால்க் தடுப்பூசி எந்த நோய்க்குங்கறது ஒட்டிக்கிச்சு. கார்கினை மட்டும் கடைசி வரைக்கும் யாருன்னு சொல்ல முடியல, பாத்த மூஞ்சியா இருக்கே, ஹைஸ்கூல்ல கூடப் படிச்சவங்களான்னு கேப்பாராம்.

இப்ப வீட்டுக்கு வருவோம். அல்சைமர்ங்கற மறதி நோய் பல பேருக்கு எங்க இருந்து தொடங்குதுன்னா, ஜெர்மனில ப்ராக் தம்பதி 1991ல வரிசைப்படுத்திக் காட்டுனாங்க, என்டோரைனல் கார்டெக்ஸ் பக்கத்துல இருந்து தான், அடுத்து ஹிப்போகேம்பஸ், அப்புறம் தான் மெல்ல மெல்ல மத்த இடம், உடம்பை அசைக்கற பகுதி எல்லாம் ரொம்ப கடைசில. ஸ்கோவில் உறிஞ்சி எடுத்தாரே, அதே ஏரியா. அப்ப முதல்ல போறது எது? புதுசா எதையும் உள்ள சேர்க்கற திறமை. இட்லி மறந்து போகல, இட்லி பதிவே ஆகல. அம்பது வருஷத்துக்கு முன்னாடி பதிஞ்சது வேற இடத்துல, நோய் இன்னும் எட்டாத இடத்துல கிடக்கு. நடிக்கறவங்களுக்கு இவ்ளோ அனாட்டமி தெரிஞ்சிருக்க நியாயம் இல்ல.

அப்புறம் ஏன் எப்பப் பாத்தாலும் கல்யாணக் கதை? வயசானவங்ககிட்ட வாழ்க்கைல நடந்ததைச் சொல்லச் சொன்னா 10 வயசுல இருந்து 30 வயசு வரைக்கும் நடந்தது தான் அளவுக்கு மீறி வரும்னு 1986ல டேவிட் ரூபினும் கூட இருந்தவங்களும் காட்டியிருக்காங்க, மறதி நோய் இல்லாதவங்களுக்கே இப்படித் தான். கல்யாணம், முதல் வேலை, முதல் குழந்தை எல்லாம் அதுக்குள்ள வந்துருது இல்லையா. இன்னொண்ணு, இது நானா பாத்துச் சொல்றது, அந்தக் கதைகள் வார்த்தை மாறாம வருதே அதுவே ஒரு அடையாளம். நிஜமாவே அந்த நாளுக்குத் திரும்பிப் போயி பாத்துச் சொல்றவங்க ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேற மாதிரி சொல்லுவாங்க, புதுசா ஒண்ணு ஞாபகம் வரும். நடுவுல புகுந்து "பந்தல்ல அன்னிக்கு யாரு சமையல், சாம்பார் எப்படி இருந்துச்சு"ன்னு கதைல இல்லாத ஒண்ணைக் கேட்டுப் பாருங்க, தடுமாறிட்டு மறுபடி முதல் வரில இருந்து ஆரம்பிப்பாங்க. சம்பவம் போயிடுச்சு, சொல்லிச் சொல்லிப் பழகுன கதை மிச்சம் இருக்கு. அதனால தான் எனக்கு அந்த ரெண்டாவது கட்சி மேல சாய்வு. பழசெல்லாம் அப்படியே இருக்குன்னு நாம நினைக்கறதே பாதி தப்பு.

நமக்கும் அப்படித் தான், நோய் கீய் எதுவும் வேணாம். 1986 ஜனவரி 28, சேலஞ்சர் விண்கலம் வெடிச்சது. மறுநாள் காலைலயே அட்லாண்டால எமரி யூனிவர்சிட்டில உல்ரிக் நைசர் தன் ஸ்டூடண்ட்ஸ்கிட்ட, செய்தியை எங்க எப்படிக் கேட்டீங்கன்னு எழுதி வாங்கி வச்சுட்டாரு. ரெண்டரை வருஷம் கழிச்சு அதுல 44 பேர்கிட்ட மறுபடி அதே கேள்வி. 11 பேர் முக்கியமான எல்லா விவரமும் தப்பு, முழுசா சரியா சொன்னது 3 பேர் தான், ஆனா தப்பா சொன்னவங்கள்ல நிறைய பேரு ரொம்ப உறுதியா சொன்னாங்க. ஒரு பொண்ணு க்ளாஸ்ல கேள்விப்பட்டதா முதல்ல எழுதியிருந்துச்சு, பின்னாடி ஹாஸ்டல் ரூம்ல டிவில பாத்தேன்னு சொல்லுச்சு. பழைய பேப்பரை எடுத்துக் காட்டுனா சில பேரு என் கையெழுத்து தான், ஆனா நடந்தது நான் இப்ப சொல்றது தான்னு நின்னாங்க. சுனாமி அன்னிக்கு நான் எங்க இருந்தேன்னு எனக்கு அச்சு அசலா ஞாபகம் இருக்குன்னு யாராவது சொன்னா நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கறதோட சரி. என்னோடதையும் சேர்த்துத் தான். ஒவ்வொரு தடவையும் கிடைச்ச துண்டு துண்டை வச்சு மறுபடி கட்டறது தான் நினைக்கறதுங்கறது, ப்ரெடெரிக் பார்ட்லெட் கேம்பிரிட்ஜ்ல இருந்து 1932லயே இதைச் சொல்லிட்டாரு.

கூட இருந்து பாத்துக்கறவங்களுக்கு உதவற மாதிரி ரெண்டு ஆராய்ச்சி இருக்கு, நம்ம ஊர்ல யாரும் பெருசா பேசிக் கேட்டதில்ல. ஒண்ணு, அமெரிக்கால அயோவால பண்ணது. 2010ல ஹிப்போகேம்பஸ் சேதமான 5 பேருக்கு சோகமான படத் துண்டுங்களைப் போட்டுக் காட்டுனாங்க, கொஞ்ச நேரத்துல படம் பாத்ததோட விவரம் எல்லாம் மறந்து போச்சு, சோகம் போகல. 2014ல அல்சைமர் இருக்கற 17 பேர்கிட்டயும் இதே மாதிரி பாத்தாங்க, அதே ரிசல்ட், சந்தோஷத்துக்கும் இதே தான். அப்ப காலைல "எத்தனை தடவை சொல்றது, சாப்டாச்சு, சாப்டாச்சு"ன்னு கத்துனோம்னா கத்துனது மறந்துரும், மனசு மட்டும் கனமா இருக்கும், ஏன்னு அவங்களுக்கே தெரியாது, கொஞ்ச நேரத்துல காரணமே இல்லாத மாதிரி அழுதாலும் அழுவாங்க. நாம அதையும் நடிப்புக் கணக்குல எழுதிருவோம்.

ரெண்டாவது, ஆலன் பேடலியும் பார்பரா வில்சனும் 1994ல பண்ணது. மறதி நோய் இருக்கறவங்களை யூகிச்சு பதில் சொல்ல வச்சா, தப்பா யூகிச்சது தான் பதிஞ்சு போகுது. நமக்கு, இது தப்பு, இது திருத்துனதுன்னு அந்த சம்பவம் ஞாபகம் இருக்கறதால தப்புல இருந்து கத்துக்கறோம். அவங்களுக்கு அந்த சம்பவம் நிக்காது, வாயில வந்த வார்த்தை மட்டும் தழும்பேறிப் போகும், அடுத்த தடவையும் அதே தப்பு தான் முதல்ல வரும். அதனால கேள்வி கேட்டு சோதிக்கறதை விட, சரியானதை முதல்லயே சொல்லிக் குடுத்துட்டுத் திரும்பச் சொல்ல வைக்கறது அவங்களுக்கு நல்லா வேலை செய்யுது.

நம்ம சொந்தக்காரங்க இதுக்கு அப்படியே உல்டா. வீட்டுக்குள்ள கால் வச்சதும் வைக்காததுமா கட்டிலுக்குப் பக்கத்துல குனிஞ்சு "பெரியம்மா, நான் யாரு சொல்லுங்க பாப்போம்?" அவங்க திருதிருன்னு முழிச்சு "முருகேசனா?"ன்னு கேக்க, சுத்தி நிக்கறவங்க எல்லாம் சிரிக்க, வந்தவரு மூஞ்சி வாட, "நல்லா பாருங்க, யாருன்னு சொல்லுங்க"ன்னு இன்னும் ரெண்டு ரவுண்டு. இனிமே அவரைப் பாக்கும்போதெல்லாம் முருகேசன் தான் வரும். உள்ள நுழையும்போதே "பெரியம்மா, நான் சேகரு, உங்க தங்கச்சி பையன், திருச்சில இருந்து வந்திருக்கேன்"னு சொல்லிட்டு உக்காருங்க. திரும்பக் கேட்டா திரும்ப அதையே சொல்லுங்க, அதே வரிசைல, ஒரு வார்த்தையும் மாத்தாம.